பெரியம்மாவின் பஸ் பாஸும் ஒன்பதரை மணியும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரம், செவ்வாய்க்கிழமை காலை 9.22. பெரியம்மா லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து தங்கையைப் பார்க்க வந்திருந்தார். கடைக்குப் போகலாம் என்று கம்பளிக் கோட்டு, குரங்குக் குல்லா, மடித்த துணிப்பை சகிதம் பஸ் ஏறி, கழுத்தில் தொங்கிய முதியோர் இலவசப் பாஸை டிரைவர் பக்கத்திலிருந்த இயந்திரத்தில் வைத்தார். அது ஏற்கவில்லை. டிரைவர் சின்னப் பையன், மரியாதையாகவே தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்: ஒன்பதரைக்கு அப்புறம்தான் செல்லும், இப்போதே போகவேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கவேண்டும். பெரியம்மா இறங்கிவிட்டார். "எட்டு நிமிஷத்துல என்னடா குடிமுழுகிடும்?" என்று என்னிடம்தான் கோபம்.

பெரியம்மாவுக்குத் தெரியாது, அந்த ஊர் டிரைவர்களிடம் இவரைப்போன்றவர்களுக்கென்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னால் பாஸோடு ஏறி "ஆம் ஐ டூ எர்லி?" என்று கேட்கும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "டூ எர்லி"யை வேகமாகச் சொல்லிப்பாருங்கள், "ட்வர்லி" என்று வரும். அதுதான் பெயர்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பாஸில் ஒரு ரோஜாப்பூ முத்திரை இருக்கிறது. அது இருந்தால் இங்கிலாந்தின் எந்த மூலையிலும் உள்ளூர் பஸ்ஸில் காசில்லாமல் ஏறலாம், வார நாட்களில் காலை 9.30 முதல் இரவு 11 வரை, சனி ஞாயிறு விடுமுறை நாட்களில் முழு நாளும். லண்டன் பாஸ் கார்ன்வாலில் செல்லும், கார்ன்வால் பாஸ் நியூகாசிலில் செல்லும். பார்ப்பதற்கு அரசாங்கம் ஒருநாள் மனமிரங்கிக் கொடுத்த சலுகை மாதிரித்தான் இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு வழக்கும் வம்பும் இருக்கிறது. வயதானவர்களுக்கு ஓசியில் பஸ் விடலாமா கூடாதா என்பதில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை, விடலாம் என்று பெரும்பாலானவர்கள் தலையாட்டத்தான் செய்தார்கள். காசை யார் கொடுப்பது, எந்த எல்லைவரைக்கும் கொடுப்பது, இந்த இரண்டில்தான் ஒவ்வொரு முறையும் வண்டி நின்றது.

கதை பர்மிங்ஹாமில் தொடங்குகிறது. 1950களில் அங்கே பஸ்களை நடத்தியது மாநகராட்சியே. 65 தாண்டிய பெண்களுக்கும் 70 தாண்டிய ஆண்களுக்கும் கூட்டமில்லாத நேரத்தில் இலவசம் என்று முடிவு செய்தார்கள். நல்ல காரியம்தானே, யார் குறுக்கே வரப்போகிறார்கள்? பிரெஸ்காட் என்ற வரி கட்டும் குடிமகன் ஒருவர் வந்தார். இந்த இலவசத்தால் வரும் நஷ்டத்தை வீட்டுவரியிலிருந்துதானே ஈடுகட்டுவீர்கள், என் வரிப்பணத்தில் ஒரு தரப்புக்கு மட்டும் தானம் செய்ய உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று வழக்குப் போட்டார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறாய் என்று நாம் சொல்வோமே, அதுதான் அவர் வாதம், சட்ட மொழியில். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநகராட்சி என்பது வரி கட்டுபவர்களின் பணத்துக்கு ஓர் அறங்காவலர் மாதிரி, தொழில்முறையில் பஸ் நடத்தத்தான் அதற்கு அதிகாரம், தனக்குப் பிடித்தவர்களுக்கு ஓசிப் பயணம் கொடுக்க அல்ல என்பது சாரம். 1955இல் அந்தத் தீர்ப்பு சட்டத் தொகுப்பில் ஏறியது, இன்றைக்கும் சட்டம் படிக்கிறவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

வயதானவர்களிடமிருந்து கொடுத்ததைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று எந்தக் கட்சிக்கும் தெரியும். அதே 1955இல் நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டது: ஏற்கெனவே சலுகை கொடுத்துவந்த நகராட்சிகள் தொடரலாம். புதிதாகக் கொடுக்க நினைத்தவர்களுக்கு 1964வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1968இல் இன்னொரு சட்டம், அதன்படி உள்ளாட்சிகள் வேறு யாரோ நடத்தும் பஸ்ஸுக்கும் ஈட்டுத்தொகை கொடுத்துச் சலுகை வாங்கித்தரலாம். கவனியுங்கள், மூன்று சட்டங்களிலும் "கொடுக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "கொடுத்தே ஆகவேண்டும்" என்று எங்கேயும் இல்லை. அடுத்த முப்பது வருடத் தகராறும் அந்த ஒரு வினைமுற்றில்தான்.

"கொடுக்கலாம்" என்றால் நடைமுறையில் என்ன ஆகும்? மனசும் காசும் இருக்கிற ஊர் கொடுக்கும், மற்றது கொடுக்காது. லண்டன் 1973இலேயே ஓய்வூதியர்களுக்குக் கூட்டமில்லாத நேரத்தில் இலவசப் பயணத்தை ஆரம்பித்துவிட்டது. வேறு ஊர்களில் பாதிக் கட்டணம், சில இடங்களில் வருடத்துக்கு இத்தனை டோக்கன், சில இடங்களில் ஒன்றுமே கிடையாது. பிரெஸ்காட் வழக்கின் நிழலும் விடவில்லை. 1981இல் லண்டன் பெருநகர அவை எல்லோருக்குமே பஸ் ரயில் கட்டணத்தைக் குறைத்தபோது, புறநகர் கவுன்சில் ஒன்று வழக்குப் போட, நாட்டின் உச்ச நீதிபதிகள் அதே அறங்காவலர் வாதத்தை எடுத்துக்காட்டி அந்தக் குறைப்பைச் செல்லாது என்றார்கள். அப்புறம் 1986 அக்டோபரில் லண்டனுக்கு வெளியே பஸ் தொழில் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. எந்தக் கம்பெனியும் எந்தத் தடத்திலும் பதிவு செய்து வண்டி விடலாம், கட்டணம் அவர்கள் இஷ்டம். இதற்குப் பிறகு இலவசம் என்றால் அது கம்பெனிக்கு யாரோ எழுதவேண்டிய காசோலை என்றாகிவிட்டது.

இந்த இடத்தில் ஜேக் ஜோன்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். லிவர்பூல்காரர், துறைமுகத் தொழிலாளி, ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போய் காயம்பட்டுத் திரும்பியவர், பிறகு 1969 முதல் 1978வரை பிரிட்டனின் மிகப்பெரிய தொழிற்சங்கத்தின் பொதுச்செயலாளர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்காமல் 1979இல் ஓய்வூதியர் சங்கங்களை ஒன்றாக்கித் தேசிய ஓய்வூதியர் மாநாடு என்ற அமைப்பை உருவாக்கினார். 2009இல் 96 வயதில் இறக்கும்வரை முதியோர் உரிமைதான் அவருக்கு வேலை. தொழிற்சங்க வாசனை அந்த அமைப்பில் நன்றாகவே இருந்தது: கிளைகள், தீர்மானங்கள், வெஸ்ட்மின்ஸ்டரில் எம்பிக்களைச் சூழ்ந்துகொள்வது. கோரிக்கைகளில் நாடு முழுக்க இலவசப் பயணமும் ஒன்று. ஆனால் முதல் கோரிக்கை அது இல்லை. முதல் கோரிக்கை ஓய்வூதியம். 1980இல் தாட்சர் அரசு ஓய்வூதியத்துக்கும் கூலி உயர்வுக்கும் இருந்த இணைப்பை வெட்டி விலைவாசியோடு மட்டும் கட்டிவிட்டது, அதைத் திரும்ப இணை என்பதுதான் அவர்களின் நித்திய பல்லவி.

பஸ் பாஸ் எப்படிக் கிடைத்தது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. 1997இல் வந்த லேபர் அரசு அந்த இணைப்பைத் திரும்பக் கொடுக்கத் தயாராக இல்லை, செலவு வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும் என்ற பயம். விலைவாசி மிகக் குறைவாக ஏறிய ஒரு வருடத்தில் கணக்குப்படி பார்த்தால் எவ்வளவு கூடும்? 2000 ஏப்ரலில் அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 75 பென்ஸ் கூடியது. ஒரு பொட்டலம் வேர்க்கடலைக்குத்தான் வரும் என்று ஊரே சிரித்தது, பெரியவர்கள் கொதித்தார்கள். அந்தக் காலகட்டத்தில் வரிசையாக வந்ததைப் பாருங்கள்: குளிர்கால எரிபொருள் பணம், 75 வயதுக்கு மேல் டிவி உரிமக் கட்டணம் இல்லை, 2001 ஜூனிலிருந்து இங்கிலாந்து முழுக்கப் பஸ்ஸில் குறைந்தது பாதிக் கட்டணச் சலுகை. பெரிய நோட்டைக் கேட்டவர்களுக்குச் சின்னச் சின்னச் சில்லறையாக வந்தது. இயக்கத்துக்குள்ளேயே இது சிலருக்கு உறுத்தியது, ஆனால் வந்ததை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. "கொடுக்கலாம்" என்பது "கொடுத்தே ஆகவேண்டும்" என்று மாறியது அந்தப் பாதிக் கட்டணத்தில்தான்.

நடுவே ஒரு குட்டி வேடிக்கை. பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று வயது வைத்திருந்தார்கள், ஓய்வூதிய வயதைப் பார்த்து வைத்தது. லண்டனில் 64 வயது ஆண் ஒருவர், பஸ் ஏறும்போது மூட்டுவலி ஆணா பெண்ணா என்று பார்த்து வருவதில்லையே என்கிற ரீதியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார். அரசு சமரசத்துக்கு வந்தது, சட்டத்தைத் திருத்தி 2003இலிருந்து இருவருக்கும் 60 ஆக்கியது.

ஆனால் உண்மையில் இங்கிலாந்தை நெருக்கியது அண்டை வீட்டார்கள். அயர்லாந்து குடியரசு 1967இலேயே முதியவர்களுக்கு இலவசப் பயணம் கொண்டுவந்து ரயிலையும் அதில் சேர்த்துவிட்டது, அது வேறு நாடு என்று ஒதுக்கிவிடலாம். வேல்ஸ் அப்படி இல்லையே. 2002 ஏப்ரலில் வேல்ஸ் முழுக்க 60 தாண்டியவர்களுக்கு உள்ளூர் பஸ் இலவசம். 2006 ஏப்ரலில் ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய், எந்த நேரமும், நாடு முழுக்க, தொலைதூரப் பஸ் உட்பட இலவசம் என்றது. அதே 2006 ஏப்ரலில் இங்கிலாந்தும் இலவசம் கொடுத்தது, ஆனால் அவரவர் மாவட்டத்துக்குள் மட்டும். கார்டன் பிரவுன் நிதியமைச்சராகத் தேர்தலுக்கு முன்பான 2005 பட்ஜெட்டில் அறிவித்தது இது. பிரிட்டனில் மாவட்டம் என்பது பல இடங்களில் நம் தாலுகா அளவுதான். பஸ்ஸுக்கோ மாவட்டம் தெரியாது. வீடு ஒரு மாவட்டத்தில், ஆஸ்பத்திரி அடுத்ததில், பேரப்பிள்ளை மூன்றாவதில் என்றால், எல்லைக்குக் கடைசி நிறுத்தம்வரை இலவசம், அதற்கப்புறம் காசு. பக்கத்து மாவட்டங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட இடங்களில் பிரச்சினை இல்லை, போடாத இடங்களில் பெரியவர்கள் தெருவையே இரண்டாகப் பிரித்து நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த எல்லைக்கோடு ஒன்றே இயக்கத்துக்குப் போதுமான ஆயுதமாக இருந்தது என்று நினைக்கிறேன். ஓய்வூதியக் கணக்கை விளக்க அரைமணி நேரம் ஆகும், "ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நிறுத்தம் முன்னாடி என் பாஸ் செத்துப்போகுது" என்று சொல்ல ஒரு மூச்சு போதும், கேட்கிற எம்பிக்கும் அந்த நிறுத்தம் தெரியும். 2006 பட்ஜெட்டில் பிரவுன் நாடு தழுவிய பாஸ் அறிவித்தார், 2007இல் சட்டம் வந்தது, 2008 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சுமார் 1 கோடியே 10 லட்சம் பேருக்குத் தகுதி. சீக்கிரமே ஆங்காங்கே ஓய்வூதியர்கள் பையில் சாண்ட்விச்சோடு கிளம்பி, உள்ளூர் பஸ்களை மட்டுமே மாற்றி மாற்றி நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஆரம்பித்தார்கள், நம்மூரில் நடைபயணம் போவதுபோல ஒரு வீம்பு.

சரி, காசு? இங்கேதான் பழைய பிரெஸ்காட் ஆவி புது வேடத்தில் வந்தது. விதி இதுதான்: இந்தச் சலுகையால் பஸ் கம்பெனிக்கு லாபமும் கூடாது, நஷ்டமும் கூடாது. சொல்ல எளிது, கணக்குப் போடுவது பேய்வேலை. டிக்கெட் 2 பவுண்டு என்று வையுங்கள், பாஸ் காட்டி 100 பேர் ஏறினார்கள். 200 பவுண்டு கொடுத்தால் போச்சா? இல்லை. ஓசி என்பதால்தானே இவர்களில் பலர் வந்தார்கள், காசு என்றால் பாதிப் பேர்தான் வந்திருப்பார்கள் என்று ஒரு கணக்கு வந்தால், அந்த 50 பேருக்கான டிக்கெட் காசும், மீதிப் பேரை ஏற்றியதால் ஆன கூடுதல் செலவும் மட்டும்தான் கிடைக்கும். "வந்திருப்பார்கள்" என்பதை யார் கண்டது? கம்பெனி ஒரு எண் சொல்லும், கவுன்சில் ஒரு எண் சொல்லும், மேல்முறையீட்டுக்கு மத்திய அரசிடம் போவார்கள்.

அடுத்த சிக்கல், பயணம் எங்கே தொடங்குகிறதோ அந்த ஊர்தான் காசு கொடுக்கவேண்டும். வெளியூர்ப் பெரியவர் காலையில் தன் வீட்டருகே ஏறினால் அவர் ஊர் கொடுக்கும், சாயங்காலம் கடற்கரையிலிருந்து திரும்ப ஏறினால் கடற்கரை ஊர் கொடுக்கும். வெயில் அடித்தால் சுற்றுலா ஊர்களுக்குக் கூட்டம் வரும், ஐஸ்கிரீம் விற்கும், கூடவே ரோஜாப்பூ பாஸ்களுக்கான ரசீதும் வரும். பெரிய பஸ் நிலையம் இருக்கிற சிறு மாவட்டங்களுக்கும் இதே கதி. மத்திய அரசு 2008–09க்கு 21.2 கோடி பவுண்டு கூடுதலாகக் கொடுத்தது, மொத்தமாகப் போதும் என்றது. மொத்தமாகப் போதுமாக இருந்திருக்கலாம், பிரித்துக்கொடுத்த விதத்தில் சிலருக்கு மிஞ்சியது, சிலருக்குப் பற்றவில்லை. 2011இல் பொறுப்பைச் சின்ன மாவட்டங்களிடமிருந்து எடுத்து, பல மாவட்டங்கள் அடங்கிய கவுண்டி அளவுக்கு மாற்றிய பிறகுதான் இந்தக் கோளாறு கொஞ்சம் தணிந்தது.

பணக்காரக் கிழவருக்கு எதற்கு ஓசி பாஸ் என்ற கேள்வி அங்கேயும் தேய்ந்துபோகிற அளவுக்குக் கேட்கப்பட்டாயிற்று. நியாயமான கேள்விதான். ஆனால் காரில் போகிறவர் பாஸ் வைத்திருப்பதால் அரசுக்குச் செலவு இல்லை, ஏறினால்தான் செலவு. வருமானச் சான்று கேட்க ஆரம்பித்தால் உண்மையில் தேவைப்படுகிறவர்களில் பலர் கூச்சப்பட்டு விண்ணப்பிக்கவே மாட்டார்கள். குளிர்கால எரிபொருள் பணத்தில் இப்படி வருமானம் பார்க்கும் சோதனை நடந்தது: 2024இல் புது லேபர் அரசு அதை ஏழைகளுக்கான உதவித்தொகை வாங்குபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கி, எதிர்ப்பு தாங்காமல் அடுத்த வருடமே வருமான வரம்பை 35,000 பவுண்டுவரை தளர்த்தியது. பாஸ் இருப்பவர்கள் அதிகம் நடக்கிறார்கள் என்று இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள், நிறுத்தம்வரை நடந்துதானே ஆகவேண்டும். எனக்கு இதைவிடப் பெரியதாகப் படுவது வேறு: பெரியம்மா எங்கேயாவது போகவேண்டும் என்றால் மகனிடம் கார் கேட்டு நிற்கவேண்டியதில்லை. கோயிலுக்கா, சும்மா ஊர்சுற்றவா என்று யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதும் இல்லை.

நம்மூர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தால், சட்டத்தில் எழுதுவதற்கும் உத்தரவில் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ரயிலில் 60 தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதம், 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தப்பட்டது. ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. சென்னை மாநகரப் பேருந்தில் 2016 முதல் மூத்த குடிமக்களுக்கு மாதம் 10 டோக்கன், ஏசி வண்டி தவிர. ஐந்து முறை போய்வந்தால் தீர்ந்தது, சென்னையைத் தாண்டினால் அதுவும் இல்லை. மாவட்ட எல்லையில் செத்துப்போன அந்த 2006 பாஸ்தான் ஞாபகம் வருகிறது.

அதற்காக இங்கிலாந்துச் சட்டம் இரும்புக்கோட்டை என்று நினைக்கவேண்டாம். கூட்டணி அரசு, பழைமைவாத அரசு எதுவும் பாஸை ரத்து செய்யத் துணியவில்லை, ஆனால் அதைச் சுற்றி இருந்தது கரைந்தது. உள்ளாட்சிகளுக்கு மத்திய நிதி வெட்டப்பட்டபோது, சட்டப்படி பாஸுக்குக் கொடுத்தே ஆகவேண்டும், கிராமத்துப் பஸ்ஸுக்கு மானியம் கொடுப்பதோ அவர்கள் விருப்பம். எதில் கைவைப்பார்கள்? பாஸ் அப்படியே இருந்தது, பஸ் போய்விட்டது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சந்தைக்குப் போய்வரும் வண்டி மட்டும் மிஞ்சிய கிராமங்கள் உண்டு. சட்டத்தில் இல்லாத உபரிச் சலுகைகளும் உதிர்ந்தன. தெற்கு யார்க்‌ஷயரில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ளூர் ரயிலும் இலவசமாக இருந்தது, 2014 மார்ச் கடைசியோடு நிறுத்தினார்கள். அங்குள்ள பார்ன்ஸ்லி என்ற ஊரின் பெரியவர்கள் கூட்டமாக ஸ்டேஷனுக்கு வந்து டிக்கெட் எடுக்காமல் ரயிலேறினார்கள், திரும்பத் திரும்ப. ஷெஃபீல்டு ஸ்டேஷனில் போலீஸ் இருவரைக் கைது செய்து, பின்னர் வழக்கு நிற்காமல் போயிற்று. கடைசியில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசம் திரும்பியது, முதியவர்களுக்குப் பாதிக் கட்டணம்.

வயதும் நகர்ந்தது. 2010இல் புதுச் சட்டம்கூட இல்லாமல், ஓர் ஆணையால், பாஸ் வயதைப் பெண்களின் ஓய்வூதிய வயதோடு கட்டினார்கள். 60 என்பது மெல்ல மெல்ல 66 ஆயிற்று, 2026 முதல் 2028க்குள் 67ஐத் தொடும். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இன்னும் 60தான். லண்டனும் 60இலிருந்து 66வரை உள்ள இடைவெளியை நிரப்ப 2012இல் தனியாக ஒரு கார்டு கொண்டுவந்தது, அது லண்டனுக்குள் மட்டும் செல்லும். இப்போதைய இயக்கத்தின் பெரிய கோரிக்கை, இங்கிலாந்துக்கும் 60ஐத் திருப்பிக்கொடு என்பதுதான், கூடவே ஒன்பதரை மணியையும் எடு.

பஸ் 9.34க்கு வந்தது. பெரியம்மா பாஸை வைத்தார், பச்சை, உள்ளே போய் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஏறிய சித்திக்கு 64 வயது, இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. பர்ஸைத் திறந்து வங்கி கார்டைத் தேடிக்கொண்டிருந்தார். "எனக்கு அறுபதுலேயே கொடுத்தாங்களேடி" என்றார் பெரியம்மா. "அது லண்டன் அக்கா" என்று சொல்லிவிட்டு சித்தி 3 பவுண்டு கட்டினார்.